'ஒரு கையெழுத்துதானே அண்ணே!' - ஜாமீன் போடும் முன் ஒரு கிறிஸ்தவர் யோசிக்க வேண்டியவை

"அண்ணே, பேங்க்ல எல்லா வேலையும் முடிஞ்சிருச்சு. ஜாமீன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நீங்க போட்டா போதும்!"

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இப்படிக் கேட்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கேட்பவர் யாரோ அல்ல, பல வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தவர். 'முடியாது' என்றால் அன்பில்லாதவர் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். 'சரி' என்றால் வீட்டில் என்ன சொல்வது என்ற பயம்.

'ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்' என்று பலரும் சொல்வார்கள். நல்ல பதில்தான். ஆனால், கண்ணை மூடி பைபிளைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே பதிலாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். விசுவாசத்தில் வளர்வதை எபிரெயர் நிருபம் வேறு மாதிரி விளக்குகிறது. குழந்தைக்குப் பால், வளர்ந்தவருக்குத் திட உணவு என்று பிரித்துவிட்டு, நன்மை தீமையைப் பகுத்தறிவது பழகப் பழக வருவது என்கிறது. அப்படிப் பழக, ஜாமீன் கையெழுத்து ஒரு நல்ல பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128 இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, கடன் வாங்கியவர் எவ்வளவுக்குப் பொறுப்போ, ஜாமீன்தாரரும் அவ்வளவுக்கும் பொறுப்பு. 'முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள்' என்று வங்கியிடம் சொல்ல முடியாது. அந்தக் கடன் ஜாமீன்தாரரின் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறும். நாளை மகளின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனால், வங்கி அதையும் பார்க்கும்.

பணத்தைக் கட்டிவிட்டுக் கடன் வாங்கியவரிடம் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால், அவர் தராவிட்டால் சபை நண்பர்மீதே வழக்குப் போட வேண்டியிருக்கும்.

பைபிளில் இரண்டு பக்கமும் உண்டு

நீதிமொழிகள் புத்தகம் பிணைப்படுவதைப் பற்றிப் பல இடங்களில் எச்சரிக்கிறது. கொடுக்க வழியில்லாதவர் பிணை நின்றால் படுக்கும் படுக்கைகூடப் பறிபோகும் என்கிறது.

அதே பைபிளில் பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பரிந்து பேசும் பவுல், அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தன் கணக்கில் வைக்கச் சொல்கிறார். தானே கட்டிவிடுவதாகத் தன் கைப்பட எழுதியும் தருகிறார். அவருக்கு ஒநேசிமுவை நெருக்கமாகத் தெரியும். 'அவன் எப்படியும் கட்டிவிடுவான்' என்ற நம்பிக்கையில் அவர் எழுதவில்லை. கட்டப்போவது தான்தான் என்று தெரிந்தே எழுதுகிறார்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கேள்வி கிடைக்கும்: 'இந்தத் தொகை முழுவதையும் நானே கட்ட வேண்டி வந்தால், குடும்பத்தைத் தவிக்கவிடாமல் கட்ட முடியுமா?' முடியும், மனமும் இருக்கிறது என்றால் கையெழுத்துப் போடலாம். முடியாது என்றால் அது இல்லாத பணத்தை வாக்குக் கொடுப்பதாகிவிடும்.

குழப்பமாக இருந்தால்?

இயேசு சபையைத் தொடங்கிய புனித இக்னேஷியஸ் லயோலாவின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல் 1548-ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. முடிவெடுக்கத் திணறுபவருக்கு அதில் ஓர் எளிய வழி இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்து நின்றால் அவருக்கு என்ன சொல்வோம் என்று யோசித்து, அதையே தானும் செய்வது. மனம் சோர்ந்திருக்கும்போது, ஏற்கெனவே எடுத்த நல்ல முடிவை மாற்ற வேண்டாம் என்றும் அவர் சொல்கிறார்.

கணவனோ மனைவியோ அறியாமல் கையெழுத்துப் போடுவது இன்னொரு ஆபத்து. வீட்டில் சொல்லத் தயங்கும் கையெழுத்து என்றால், அந்தத் தயக்கத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். 'இன்னைக்கே வேணும்' என்று அவசரப்படுத்தினால், ஒரு நாள் கேட்டு வாங்குவது தப்பில்லை.

மறுப்பதிலும் முறை உண்டு

போனை எடுக்காமல் இருப்பதைவிட, நேரில் பார்த்து, "தம்பி, என் நிலைமைக்கு இது தாங்காது" என்று சொல்லிவிடுவது மரியாதை. திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு தொகையைக் கையில் கொடுக்கலாம். கடனைக் குறைக்க வழியிருக்கிறதா என்று கூடப்போய் வங்கியில் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் நீதிமொழிகளில் ஆலோசனை இருக்கிறது: தூங்கக்கூடப் போகாமல் உடனே போய்ப் பேசச் சொல்கிறது. தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று இன்றே விசாரிக்கலாம். ஒப்பந்த நகல் ஒன்றை வாங்கி வைக்கலாம். வேறு ஜாமீன்தாரரை மாற்ற வங்கி சம்மதிக்குமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். நான்கு தவணை தவறிய பிறகு வரும் நோட்டீஸைவிட, இன்று கேட்கும் ஒரு சங்கடமான கேள்வி இரண்டு குடும்பங்களுக்கும் நல்லது.