தோளில் சுமை, துணைக்கு யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

தஞ்சையை நெற்களஞ்சியம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தக் களஞ்சியத்து நெல் ஒவ்வொரு மூட்டையாக ஒரு மனிதனின் தோளைக் கடந்துதான் வெளியே போகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? அப்படிப்பட்ட தோள்களில் ஒன்று என் தந்தையாருடையது. அந்தத் தோள் தந்த கூலியில்தான் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருவன் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறான்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, என் பாடத்தைப் பற்றி ஏதேனும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுவதே நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது. அப்பாவிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "எழுதுப்பா, நம்ம வீட்டுல மட்டுமா இருக்கு?" என்றார்.

தை, மாசி மாதங்கள் சம்பா அறுவடைக் காலம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் மலைபோல் குவியும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மழை மிரட்டினால் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் தோழர்களோடு கடைப்பக்கம் ஒதுங்குவது அப்பாவுக்குப் பல ஆண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு ஓர் இரவு அவர் தள்ளாடி வந்தபோது, நான் வேத வசனங்களை அடுக்கி, குடிகாரருக்கு விண்ணரசில் இடமில்லை என்று கடிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு நாள் மூட்டை தூக்கிப் பாத்துட்டு வந்து சொல்லுப்பா" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே போனேன். இருபது மூட்டைகளுக்குள் முழங்கால் நடுங்கியது. கழுத்தில் சணல் உராய்ந்த இடம் தீயாய் எரிந்தது. இரவு வலியில் புரண்டு புரண்டு படுத்தேன்; உறக்கம் வரவில்லை. இருபது வயதுக்காரனுக்கு ஒரே நாளில் இந்தப் பாடு. நாற்பத்தெட்டு வயதில் அன்றாடம் தூக்குகிறவருக்கு? அதோடு, அடுத்த பருவத்துக் கட்டணம் என்ற என்னுடைய மூட்டையும் அவர் தோளில்தானே இருக்கிறது! அறிவுரை சொல்வது எவ்வளவு எளிது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அப்படியானால், அலுப்புக்குக் குடிப்பது சரிதானா? இல்லை. அலுப்பு உண்மை, அதற்கு அது மருந்து என்பதுதான் பொய். ஆல்கஹால் முதலில் கண்ணைச் சொருகவைக்கும். பின்னிரவில் அதுவே உறக்கத்தைக் கலைக்கும். உடலின் நீரையும் வெளியேற்றும். ஆகவே அலுப்பைப் போக்கக் குடித்தவர் மறுநாள் கூடுதல் அலுப்போடு எழுகிறார். மாலையில் மறுபடி கடையைத் தேடுகிறார். இது கடன் வாங்கி வட்டி கட்டுவதைப் போன்றது.

கானாவூர்த் திருமணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கவில்லையா, சிறிது மது அருந்தும்படி பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதவில்லையா என்று எங்கள் தெருவில் கேட்பார்கள். திமொத்தேயு தண்ணீர் மட்டுமே குடித்து வந்தவர். வயிற்றுக் கோளாறுக்காக அவருக்குச் சொல்லப்பட்டது அது. ஒருவருக்குச் சொன்ன மருந்தைக் காட்டி, அதனாலேயே நோயுற்ற இன்னொருவர் நியாயம் தேடலாமா?

சட்டம் ஒன்றே போதும் என்பாரும் உண்டு. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, பின் வந்தது, போனது. 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் நிறுவனம் ஏற்றது. கடைகள் குறைய வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் கடை மூடும் நாள்வரை, இன்று மாலை ஆறு மணிக்கு அலுத்துப்போய் நிற்கும் மனிதருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

இந்தக் கேள்விக்கு என் விசுவாசத்தில் விடை தேடினேன். பழைய ஏற்பாட்டில் எலியா இறைவாக்கினரின் கதை உண்டு. பெரும்பணி செய்து களைத்து, உயிருக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் படுத்து, இனி வாழ வேண்டாம் என்று மன்றாடுகிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. வானதூதர் வந்து தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மறுபடி உறங்க விடுகிறார். மறுபடி உணவு கொடுக்கிறார். பேச்செல்லாம் அதற்குப் பின்னர்தான். நானோ அப்பாவிடம் பேச்சை முதலில் வைத்துவிட்டேன்!

இன்னொரு வரலாறும் என்னைத் தொட்டது. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு விடுதிக் கூடத்தில் பில் வில்சன் என்பவர் நின்றுகொண்டிருந்தார். வந்த தொழில் காரியம் தோற்றுவிட்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்திலிருந்த மதுக்கூடம் அழைத்தது. அவரோ அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குத் தொலைபேசியில் பேசினார். தன்னைப் போன்ற ஒரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்றார். அதன் வழியாக டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்பவரைச் சந்தித்தார். இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு. 1957இல் இந்தியாவுக்கும் வந்தது. மத வேறுபாடு பார்க்காத அந்தக் கூட்டங்களில் யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமலிருப்போம் என்பதே அவர்களின் கணக்கு.

நம் ஊரிலும் இதற்குச் சான்று இருக்கிறது. ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களைப் பாருங்கள். தஞ்சையிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல் நடந்தும், ஒரு சொட்டும் தொடாமல் போய்ச் சேருகிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்ட நண்பர்களும் அப்படியே. திருவிழா முடிந்து வீடு திரும்பியதும் சிலர் தவறிவிடுகிறார்கள். ஏன்? பக்தி தீர்ந்துவிட்டதா? இல்லை, கூட நடந்தவர்கள் கலைந்துவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

ஆகவே தவக்காலத் தொடக்கத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். கல்லூரி விட்டதும் சைக்கிளோடு நேரே அப்பாவின் வேலையிடத்துக்குப் போவேன். இருவரும் கடை இல்லாத வாய்க்கால் கரை வழியாகத் திரும்புவோம். அம்மா குளிக்க வெந்நீரும் சூடான சோறும் தயாராக வைத்திருப்பார். முன்பு குடித்து, பின் விட்டுவிட்ட எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இரவு திண்ணையில் வந்து உட்காருவார். நாங்கள் சொன்னால் மறுத்துப் பேசும் அப்பா, அவர் சொன்னால் கேட்பார். படுக்கும் முன் ஒரு சிறு செபம், அவ்வளவுதான்.

ஆனால் செபத்தோடு நிற்கவில்லை. பெரியவரே அப்பாவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். பல ஆண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். நற்செய்தி எழுதிய லூக்காவே மருத்துவர்தானே! மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

அப்பா முற்றிலும் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். இடையில் இரண்டு முறை தவறினார். இரண்டாவது முறை, மறுநாள் காலை என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு வருவியாப்பா?" என்று கேட்டார். "வர்றேம்பா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. வசனங்களை அடுக்கிய அந்த இரவைவிட இந்த ஒரு சொல்லில்தான் நான் கிறிஸ்தவனாக இருந்தேன் என்று எண்ணுகிறேன்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். படித்துவிட்டோம் என்பதற்காகப் பெற்றோரைத் திருத்தப் புறப்படுவதற்கு முன், அவர்களின் சுமை எத்தனை கிலோ என்று ஒரு முறை தூக்கிப் பார்ப்போம். நாளை நாமும் வேலைக்குப் போவோம், நெருக்கடி வரும், "ஒரு நாள்தானே" என்று கூப்பிடும் நண்பரும் வருவார். அன்று தொலைபேசியில் கூப்பிட ஒரு மனிதரை இன்றே தேடி வைத்துக்கொள்வோம்.

சிலுவை சுமந்த கிறிஸ்துவுக்கே வழியில் துணை தேவைப்பட்டது. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்ற மனிதரின் தோளில் அதை ஏற்றினார்கள். அவர் ஏதும் பேசியதாக நற்செய்தியில் ஒரு வார்த்தையும் இல்லை. தோள் கொடுத்தார், கூடவே நடந்தார். நாமும் நம் வீட்டில், நம் தெருவில், களைத்து வருகிற ஒருவரோடு இன்று மாலை கூட நடப்போமாக!