ஐ.பி.எஸ் வயிற்றுக் கோளாறு: 14 நாள் ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிடுமா?

ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று முறை டாய்லெட். சாப்பிட்டதும் வயிறு உப்புசம், வலி. டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல். மாதக்கணக்கில் இப்படி அவதிப்படும் பலருக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ். (போலீஸ் ஐ.பி.எஸ் இல்லைங்க!) இதில் பேதி அதிகமாக இருக்கும் வகைக்கு ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக் தரப்படுகிறது.

தொற்றே இல்லையே, ஆன்டிபயாடிக் எதுக்கு?

சிலருக்குக் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை மாறுவதாலும் வாயு, உப்புசம், பேதி வரலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைச் சரிசெய்வதே நோக்கம். ரிஃபாக்சிமின் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. கிட்டத்தட்ட முழுவதும் குடலிலேயே தங்கி வேலை செய்யும்.

எத்தனை பேருக்குப் பலன்?

சுமார் 1,260 பேர் பங்கேற்ற இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 2011-ல் வெளியாகின. டோஸ்: 550 மில்லிகிராம், தினமும் 3 வேளை, 14 நாள். மருந்து எடுத்தவர்களில் 100-க்கு சுமார் 41 பேருக்கு நிவாரணம் கிடைத்தது. மருந்தே இல்லாத டம்மி மாத்திரை எடுத்தவர்களிலும் 32 பேருக்குக் கிடைத்தது. அதாவது மருந்தால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் 100-க்கு 9 பேர்தான்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2015-ல் இதற்கு அனுமதி தந்தது. ஆனால் இது நிரந்தரத் தீர்வு இல்லை. பலன் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வில், 18 வாரத்துக்குள் சுமார் 3-ல் 2 பேருக்குத் தொல்லை திரும்பியது. அப்படித் திரும்பினால் இதே கோர்ஸை மேலும் 2 முறை வரை தரலாம் என்கிறது எஃப்.டி.ஏ.

அப்போ மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடலாமா?

கூடாது. 'குடலோடு நின்றுவிடும் மருந்துதானே' என்ற நம்பிக்கையை 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அசைத்துவிட்டது. கல்லீரல் நோய்க்காக ரிஃபாக்சிமின் எடுப்பவர்களின் குடலில் உள்ள ஒரு வகை பாக்டீரியா, டாப்டோமைசினுக்கும் அடங்காததாக மாறுவது அதில் தெரியவந்தது. கடும் தொற்றுகளுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கடைசி ஆயுதங்களில் ஒன்று அது. இரண்டு வார கோர்ஸுக்கும் அதே ஆபத்து என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், வயிறு கலக்கும்போதெல்லாம் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது.

'லூஸ் மோஷன்' என்றதும் கடையில் கிடைக்கும் ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் இதற்கு மாற்றும் இல்லை. அது ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகும் மருந்து.

டாக்டரிடம் போகும்போது...

• பேதியா, மலச்சிக்கலா, இரண்டும் மாறி மாறியா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரிஃபாக்சிமினுக்கான அனுமதி பேதி வகைக்கு மட்டும்தான்.

• மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கெடுக்கும் பேதி இருந்தால் ஐ.பி.எஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வேறு நோயாக இருக்கலாம்.

• ஏற்கெனவே என்னென்ன ஆன்டிபயாடிக் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

100-ல் அந்த 9 பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். அதற்கு வாய்ப்பு உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். கடைக்கார அண்ணன் அல்ல.