வரைபடம் அலங்காரமன்று

நம் துறைகளில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தை மறுத்தே இதை எழுதுகிறேன். மாணவர் முதலில் நிரலை எழுதி முடிக்கிறார். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் அதற்கேற்ப ஸ்டேட் மெஷின் எனப்படும் நிலைப்பொறிப் படமொன்றை வரைந்து சேர்க்கிறார். நாமும் மதிப்பெண் இடுகிறோம். 'மாதிரிவழி மென்பொருளாக்கம்' என்று அதற்குப் பெயரும் சூட்டுகிறோம். குடிபுகுந்தபின் மனையடி சாத்திரம் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இங்கே மட்டாஞ்சேரியில் 2025 அக்டோபரில் நீர் மெட்ரோ முனையம் திறக்கப்பட்டது. படகொன்றில் 100 பேர் பயணம் செய்யலாம். அத்தகைய படகுத்துறைக்கு ஒரு வாயிலைப் பயிற்சியாக வடிவமைத்துப் பாருங்கள். பாடநூலின் சுழல்வாயிலுக்குப் பூட்டியது, திறந்தது என இரண்டு நிலைகள். சீட்டைக் காட்டல், தள்ளல் என இரண்டு நிகழ்வுகள். நான்கு கட்டங்களில் அட்டவணை முடிந்துவிடும். 'படகு நிறைந்தது' என்னும் மூன்றாம் நிலையைச் சேர்த்தவுடன் கேள்விகள் எழுகின்றன. நிறைந்தபின் ஒருவர் சீட்டைக் காட்டினால்? ஏறியவர் இறங்கிவிட்டால்? விடை எழுதப்படாத கட்டம் அட்டவணையில் கண்ணை உறுத்தும். 'இஃப்–எல்ஸ்' அடுக்குகளிலோ அந்த வெறுமை புலப்படாது. விபத்து நாளில்தான் புலப்படும்.

நிலைகள் கட்டுக்கடங்காமல் பெருகும் என்பார்கள். எண்ணிக்கையை ஒரு மாறியில் வைத்து, '100க்குக் குறைவெனில்' என்னும் நிபந்தனையை நிலைமாற்றத்தின்மீது இட்டால் 101 நிலைகள் வேண்டியதில்லை. பல வாயில்கள் ஒரே வேளையில் இயங்குமெனில், நிலைக்குள் நிலையையும் இணைநிலைகளையும் அனுமதிக்கும் ஸ்டேட்சார்ட் முறையை டேவிட் ஹாரெல் 1987இலேயே வெளியிட்டுவிட்டார். வானூர்தி மின்னணுவியல் பணியில் பிறந்த முறை அது, காகித விளையாட்டன்று.

கருவி உருவாக்கிய நிரலைக் கையால் திருத்த நேர்கிறதே என்பது அடுத்த வாதம். திருத்தத்தை மாதிரியில் செய்யுங்கள். நிரலில் மட்டும் செய்யும் முதல் திருத்தத்தோடு மாதிரி பொய்யாகிவிடுகிறது.

2023 மே 7 அன்று தானூரில் கவிழ்ந்த படகுக்கும் ஆள்வரம்பு இருந்தது. அதை மீறி ஏற்றினார்கள். 22 பேர் மாண்டனர். பேராசையை எந்தப் படமும் தடுக்காது என்பதை அறிவேன். ஆயினும், ஏட்டில் உறங்கும் வரம்பு வேறு; வாயிலை மூடும் வரம்பு வேறு. நம் ஆய்வேடுகளின் மாதிரிகளோ ஏட்டில் உறங்குபவை.

ஆகவே, மாதிரியிலிருந்தே நிரல் பிறந்தது என நிறுவாத ஆய்வேட்டில் அப்பெயரை அனுமதிக்கலாகாது. வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி போதும்: 'இப்படத்தில் ஓர் அம்புக்குறியை நீக்கினால், ஓடும் மென்பொருளில் என்ன மாறும்?' ஒன்றும் மாறாதெனில், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.