டிபிஜே கடிதம் வந்தால்

“டிபிஜே கடிதம் போட்டிருக்கு, பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்களோ?” மொன்றியலில் பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் கேட்கிற கேள்வி இது. கடையில் எதையோ எடுத்துவிட்டான், பள்ளிக்கூட வாசலில் அடிபட்டுவிட்டான், பொலிஸ் வந்தது. கொஞ்ச நாளில் கடிதமும் வருகிறது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கியூபெக்கில் இளையோர் பாதுகாப்புப் பணிப்பாளரும், சட்டத்தை மீறிய இளையோருக்குப் பொறுப்பான மாகாணப் பணிப்பாளரும் ஒரே ஆள்தான். கதிரை ஒன்று, வேலை இரண்டு. முதல் வேலை கியூபெக்கின் சட்டப்படி. இரண்டாவது, 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கனடாவின் இளையோர் குற்றவியல் நீதிச் சட்டப்படி. அது 12 முதல் 17 வயது வரையானவர்களுக்கு. கடிதம் இந்த இரண்டாவதைப் பற்றியதென்றால், அங்கே கேள்வி நீங்கள் நல்ல பெற்றோரா என்பதல்ல, பிள்ளை செய்த காரியம்தான். எனவே முதலில் எந்தச் சட்டம் என்று கேளுங்கோ.

சின்ன விஷயமென்றால் பொலிஸே எச்சரித்து விட்டுவிடலாம். இல்லையென்றால் கோப்பு அரச வழக்குத்தொடுநரிடம் போகும். போதிய சாட்சியம் இருக்கென்று கண்டு, நீதிமன்றத்துக்கு வெளியே முடிக்கலாமென்றும் நினைத்தால், அவர் அதைப் பணிப்பாளரிடம் அனுப்புவார். அங்கேயுள்ள இளையோர் அலுவலர் பிள்ளையையும் உங்களையும் சந்திப்பார். பிள்ளை ஒத்துக்கொண்டால் நட்டஈடு, சமூகவேலை, பாதிக்கப்பட்டவரோடு பேசித் தீர்ப்பது என்று ஏதாவது முடிவாகும். அதை நடத்துவது ‘த்ராஜே’ போன்ற மாற்றுநீதி அமைப்பு. பாதிக்கப்பட்டவரோடு தொடர்புகொள்வதும் பெரும்பாலும் அவர்கள்தான். இத்தனை அலுவலகங்கள் ஒரே பிள்ளையைப் பற்றிப் பேசினாலும், எல்லா மேசையிலும் இருக்கப்போகிற பெரியவர் நீங்கள் மட்டும்தான். பெயர், தொலைபேசி, திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.

அடுத்தது, “உள்ளதைச் சொல்லிப்போடு” என்கிற எங்கட பழக்கம். வீட்டில் அது நல்லதுதான். பொலிஸ் நிலையத்தில் கதை வேறு. வாக்குமூலம் கொடுக்க முதல் சட்டத்தரணியோடும் பெற்றோரோடும் பேசப் பிள்ளைக்கு உரிமை உண்டு, பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. அங்கே சொன்னது வழக்கில் திரும்பி வரலாம். ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியேயான நடவடிக்கைக்காகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு சொன்னதைப் பிள்ளைக்கு எதிரான சாட்சியமாக எடுக்க முடியாது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது. செய்யாததை ஒத்துக்கொள்ளச் சொல்லி மட்டும் பிள்ளையை நெருக்க வேண்டாம். மறுத்தால் இந்த வழி இல்லை, அவ்வளவுதான்.

எங்கட அம்மா அப்பாவுக்குப் பிரெஞ்சு ஓடாது. சில வீடுகளில் அகப்பட்ட பிள்ளையே மொழிபெயர்த்தது. பாதியை விழுங்கியிருக்கும், அது வேற கதை! 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை.

“கொஞ்ச நாள் ரொறன்ரோவில மாமா வீட்டில இருக்கட்டும்” என்பார்கள். சந்திப்புக்குப் பிள்ளை வராவிட்டால் கோப்பு வழக்குத்தொடுநரிடமே திரும்பும். அடுத்த கடிதம் பெல்ஷாஸ் வீதி இளையோர் நீதிமன்றத்திலிருந்து வரலாம்.