சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு சிவப்பு விளக்கு

போன மார்கழியில எங்க பெரியப்பாவை ஒரு கார் இடிச்சிருச்சு. விடியக்காலை அஞ்சு மணி. கம்பைநல்லூர் ரோட்டுல, சைக்கிள்ல பால் சொசைட்டிக்குப் போயிட்டு இருந்தார். நல்ல பனி. கேரியருக்கு ரெண்டு பக்கமும் கேன் தொங்குது. பின்னால வந்த கார் கடைசி நேரத்துல ஒடிச்சுத் திருப்பியிருக்கு, அப்படியும் கேன்ல பட்டு ஆளைத் தூக்கிப் போட்டுருச்சு. வலது கால்ல ரெண்டு இடத்துல எலும்பு முறிவு. பால் மொத்தமும் ரோட்டுல.

கார்காரர் ஓடிப் போகலை. அவரேதான் பெரியப்பாவைத் தூக்கி வண்டியில வச்சு தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாங்க போய்ச் சேர்ந்தப்போ வராண்டாவுல தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தார். "சத்தியமா கண்ணுக்கே தெரியலைங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுபது கிலோ மனுஷன், ரெண்டு கேன், ஒரு சைக்கிள். இது எப்படிய்யா தெரியாமப் போகும்?

அடுத்த வாரம் அதே நேரத்துக்கு மச்சானைப் பெரியப்பாவோட சைக்கிள்ல முன்னால போகச் சொல்லிட்டு, நான் பைக்ல பின்னால போனேன். ஐம்பதுக்கு மேல போகலை. சைக்கிள் கண்ணுக்குப் பட்டப்போ அது எனக்கு முப்பது காலடி தூரத்துலதான் இருந்தது. மச்சான் அங்க இருக்கார்னு தெரிஞ்சு, தேடிக்கிட்டே போன எனக்கே அப்படி. அன்னைக்குத்தான் அந்தக் கார்காரர் பொய் சொல்லலைன்னு புரிஞ்சுது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர் போகும். கண் பார்த்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடின்னு வச்சாலும் இருபத்தஞ்சு மீட்டர் போயிருச்சு. அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் இருபது மீட்டருக்கு மேல. மொத்தத்துல நூத்தைம்பது அடி வேணும். முப்பது காலடிங்கறது எழுபத்தஞ்சு அடி. மீதி எழுபத்தஞ்சு அடிக்கு எங்க போறது?

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. 2022ல் நாடு முழுக்கச் சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அந்த வருஷம் எண்ணிக்கையில அதிக விபத்து நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடுதான், 64,105. நாடு முழுக்க நடந்த விபத்துகள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு பின்னால இருந்து மோதினது.

எங்க பக்கம் சைக்கிள் காலாவதி ஆயிருச்சுன்னு நீங்க நினைக்கலாம். ஆகலை. இருட்டுல சைக்கிள் எடுக்கறவங்க யார் யார்னு பாருங்க. பால் ஊத்தப் போறவங்க. ராத்திரி திரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போறவங்க. பெங்களூர்ல கட்டட வேலை முடிச்சு ராத்திரி ரயில்ல இறங்கி, ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போன சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறவங்க. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்க. இவங்க யாரும் உடம்பு குறைக்க சைக்கிள் ஓட்டலை.

இதுல ஒருத்தர் சைக்கிளுக்காவது பின் விளக்கு இருக்கான்னு பார்த்தா, இல்லை. ஏன் இல்லைங்கறதுக்கு என்கிட்ட ஒரு காரணம் இருக்கு. நமக்கு விளக்குன்னாலே முன் விளக்குதான். எங்க அப்பா காலத்துல விளக்கு இல்லாம போனா போலீஸ் பிடிப்பாங்க, டபுள்ஸ் போனாலும் பிடிப்பாங்க. அதுக்குப் பயந்து முன்னாடி மண்ணெண்ணெய் விளக்கு, அப்புறம் டைனமோ மாட்டினாங்க. இப்ப போலீஸ் பிடிக்கறது இல்லை, டைனமோவும் போச்சு, செல்போன் டார்ச் வந்துருச்சு. வழி தெரிஞ்சா போதும்னு இருக்கோம். பின் விளக்கு நாம பார்க்கறதுக்கு இல்லை, நம்மளை அடுத்தவன் பார்க்கறதுக்கு. நமக்கு நேரடியா உபயோகம் இல்லாத பொருளுக்குக் காசு செலவு பண்ண மனசு வர்றதில்லை.

இத்தனைக்கும் மொரப்பூர் ரயில் ஊர். சேலம் - ஜோலார்பேட்டை மெயின் லைன்ல ராத்திரி பூராவும் வண்டி போகும். கடைசிப் பெட்டிக்குப் பின்னால ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கிட்டே போறதைச் சின்ன வயசுல இருந்து பார்க்கறோம். அந்த விளக்கைப் பார்த்தாத்தான் வண்டி முழுசா வந்து சேர்ந்துருச்சு, நடுவுல எந்தப் பெட்டியும் கழண்டு நிக்கலைன்னு ஸ்டேஷன்ல உறுதி பண்ணுவாங்க. அவ்வளவு பெரிய ரயிலுக்கே பின்னாடி விளக்கு வேணும்னா, நூலாட்டம் இருக்கற சைக்கிளுக்கு வேண்டாமா?

"ரிஃப்ளெக்டர் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு, வேணும்தான். அதுக்குள்ள சின்னச் சின்ன மூலைகளா அச்சடிச்சிருக்கும். எங்க இருந்து வெளிச்சம் வருதோ அங்கேயே திருப்பி அனுப்பும். ஆனா அதுக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாது. பின்னால வர்ற வண்டியோட ஹெட்லைட் நேரா அது மேல விழணும். சேறு அடிச்சிருந்தா போச்சு. கோணலாத் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா போச்சு. பெரியப்பா சைக்கிள்ல ரெண்டுமே. எதிர்ல ஒருத்தன் ஹை பீம்ல கண்ணைக் கூசடிச்சா, பின்னால வர்றவனுக்கு ரிஃப்ளெக்டர் மினுக்கறது தெரியாது.

அதனால விளக்கு வாங்கறதுன்னு முடிவு பண்ணினேன். மூணு தடவை தப்பா வாங்கினேன்.

முதல்ல சைக்கிள் கடையில அறுபது ரூபாய்க்கு ஒண்ணு. பொத்தான் மாதிரி செல் போடறது. ரெண்டு மாசத்துல மங்கிருச்சு. அந்தச் செல் எங்க ஊர் மளிகைக் கடையில கிடைக்காது, வாட்ச் கடைக்குப் போகணும். விளக்குல பாதி விலை சொல்றாங்க. ரெண்டாவது, சென்னையில இருக்கற தங்கச்சி மகன் ஆன்லைன்ல வாங்கி அனுப்பினது. செல்போன் மாதிரி சார்ஜ் போடறது. வெளிச்சம் அபாரம். ஆனா மூணு நாளைக்கு ஒரு தடவை கழட்டி சார்ஜ் போடணும். மாடு கன்னுபோட்ட அன்னைக்கு எவனுக்குய்யா அது ஞாபகம் இருக்கும்? ரப்பர் பட்டையில சீட்டுக்குக் கீழ மாட்டறது வேற. கேரியர்ல தவிட்டு மூட்டையை வச்சதும் விளக்கு மறைஞ்சு போச்சு. கடைசியில அதை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தியிருந்தப்போ யாரோ கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மூணாவது, பழைய டைனமோ. செல் செலவே இல்லை. ஆனா மிதிக்கறதை நிறுத்தினா விளக்கும் அணைஞ்சுரும். ரோட்டைக் கடக்க நடுவுல நிக்கறப்பத்தான் விளக்கு ரொம்ப வேணும், அப்பத்தான் அது எரியாது. டயர் சேறானா வழுக்கும்.

இந்த மூணுலயும் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். முன் விளக்கு கெட்டா உடனே தெரிஞ்சுரும், வழி இருட்டாயிரும். பின் விளக்கு அணைஞ்சா ஓட்டறவனுக்குத் தெரியவே தெரியாது. எரியுதுன்னு நம்பிக்கிட்டே இருட்டுல போவோம். அதனால பின் விளக்குக்கு வெளிச்சத்தை விட நம்பகம் முக்கியம். நம்ம ஞாபக சக்தியை நம்பி இருக்கற விளக்கு நல்ல விளக்கு இல்லை.

டென்மார்க்ல ஓடென்ஸ்னு ஒரு ஊர்ல 2004-05ல் 3,845 பேரை வச்சு ஒரு சோதனை நடத்தியிருக்காங்க. சக்கரக் கம்பியில காந்தம், அது சுத்தறப்போ தானா எரியற விளக்கு. சுவிட்சும் இல்லை, செல்லும் இல்லை, பகல்லயும் எரியும். அதை மாட்டினவங்களுக்குக் காயம் பட்ட விபத்து, மாட்டாதவங்களை விட 19 சதவீதம் குறைவு. அந்த விளக்கு நமக்குக் கிடைக்குதோ இல்லையோ, அதுல இருக்கற பாடம் நமக்கு ஆகும். மறந்தாலும் எரியணும்.

நாலாவதா வாங்கினதுதான் இப்ப ஓடுது. டி.வி. ரிமோட்டுக்குப் போடற பென்சில் செல் ரெண்டு, எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். தினம் முக்கால் மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசம் வரும். எரியுதோ இல்லையோ, மாசம் பொறந்தா ஒரு தடவை செல்லைப் பார்த்துருவேன். போல்ட் போட்டு முறுக்கற மாதிரி, விளக்கோடயே ரிஃப்ளெக்டரும் சேர்ந்து இருக்கு. செல் செத்தாலும் ரிஃப்ளெக்டர் மிச்சம். மூடி ஓரத்துல ரப்பர் வளையம் இருக்கான்னு பார்த்து வாங்குங்க, இல்லைன்னா ஒரு மழைக்குத் தாங்காது.

மினுக்கறது நல்லதா, நின்னு எரியறது நல்லதான்னு கேட்டா, நான் நின்னு எரியறது பக்கம். மினுக்கறது சட்டுன்னு கண்ணை இழுக்கும், உண்மைதான். ஆனா அது எவ்வளவு தூரத்துல இருக்கு, எந்தப் பக்கம் நகருதுன்னு இருட்டுல கணிக்கறது கஷ்டம். ஜெர்மனியில சைக்கிள்ல மினுக்கற பின் விளக்கு மாட்டவே சட்டம் விடறதில்லை. அப்ப ரயில்ல மட்டும் மினுக்குதேன்னா, ரயிலுக்குப் பின்னால வர்றவர் கண்ணால தூரம் கணிச்சு ஓட்டறதில்லை, சிக்னல் பார்த்து ஓட்டறார்.

வாங்கறதை விட மாட்டறதுலதான் விஷயம் இருக்கு. பட்டணத்து சைக்கிளுக்குச் சீட்டுக்குக் கீழ மாட்டினா சரி. நம்ம சைக்கிள்ல கேரியருக்கு மேல எதை மாட்டினாலும் மூட்டை மறைக்கும். சோளத்தட்டுக் கட்டு வச்சா கேரியர் ஓரமே தெரியாது. மட்கார்டுல மாட்டினா தகரம் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். நான் வெல்டிங் பட்டறையில ஒரு சாண் நீளத்துக்கு இரும்புப் பட்டை வெட்டி, கேரியர் பின் விளிம்புல இருந்து கீழ தொங்கற மாதிரி போல்ட் போட்டேன். அதோட அடியில விளக்கு. தரையில இருந்து ரெண்டு அடி உயரம், நடுவுல இருந்து கொஞ்சம் வலப்பக்கம். நாம இடப்பக்கம் போறோம், வண்டி வலப்பக்கமா ஒதுங்கிப் போகணும் இல்லையா? பட்டைக்கும் விளக்குக்கும் நடுவுல பழைய டியூப்ல ஒரு துண்டு வெட்டி வச்சா அதிர்வு தாங்கும். நட்டு தானா கழலாம இருக்க உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு கேட்டு வாங்குங்க, ரெண்டு ரூபாய்தான் கூட. ஸ்பானர் இல்லாம ராத்திரியில எவனும் கழட்ட மாட்டான்.

மாட்டி முடிச்சதும் ஒரு வேலை பாக்கி இருக்கு. இந்தச் சின்ன விளக்குகள் நேரா ஒரே பக்கம்தான் அடிக்கும். கொஞ்சம் தலை குனிஞ்சாலும் தரைக்குத்தான் வெளிச்சம். என் பொண்ணைச் சைக்கிளை நேரா நிமித்திப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, நூறு காலடி பின்னால நடந்து, கார் சீட் உயரத்துக்குக் குனிஞ்சு பார்த்தேன். மங்கலா இருந்தது. ஒரு வாஷர் வச்சு நிமித்தினேன். மறுபடி நடந்தேன். ரெண்டு தடவையில சரியாச்சு. அப்புறம் தவிட்டு மூட்டையை ஏத்தி வச்சும் பார்த்தேன்.

இதெல்லாம் சொன்னா, "அவன்தானே பார்த்து ஓட்டணும், நான் எதுக்கு விளக்கு மாட்டணும்?"னு எங்க டீக்கடையில சண்டைக்கு வர்றாங்க. நியாயம்தான். குடிச்சிட்டு வர்றவனையும் போன் பார்த்துக்கிட்டு வர்றவனையும் எந்த விளக்கும் தடுக்காது. ஆனா எங்க பெரியப்பாவை இடிச்சவர் குடிக்கலை, வேகமும் கொஞ்சம்தான் அதிகம். அவருக்கு இன்னொரு எழுபத்தஞ்சு அடி கிடைச்சிருந்தா பெரியப்பா அன்னைக்குப் பால் ஊத்திட்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

அரசாங்கத்துக்கிட்டயும் ஒரு கேள்வி இருக்கு. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச இலவச சைக்கிள் இன்னைக்கு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க எல்லாருக்கும் வருது. எங்க ஊர்ப் பொண்ணுங்க படிப்பை விடாம போனதுல அந்த சைக்கிளுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனா நான் பார்த்த வரைக்கும் அந்த வண்டிகள்ல கூடை இருக்கு, பூட்டு இருக்கு, பின் விளக்கு இல்லை. மொத்தமா லட்சக்கணக்குல வாங்கறப்போ ஒரு விளக்குக்கு என்ன பெரிய செலவு ஆகிரும்? அந்தப் பிள்ளைங்கதான் கார்த்திகை, மார்கழியில ஆறரை மணி இருட்டுல மூணு மூணு பேரா திரும்பி வருதுங்க.

அதுவரைக்கும் நம்மளால ஆனதைப் பார்க்கலாம். நீங்க பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ அப்பாவுக்கோ மாமாவுக்கோ வேட்டி சட்டையோட ஒரு பின் விளக்கும் வாங்கிட்டு வாங்க. கையில குடுத்துட்டுப் போகாதீங்க, பெட்டிக்குள்ளயே கிடக்கும். ஸ்பானரை எடுத்து நீங்களே மாட்டி, நூறு காலடி பின்னால போய்ப் பார்த்துட்டு வாங்க. கூடவே ரெண்டு ஜோடி செல்.

பெரியப்பா இப்ப மறுபடியும் சைக்கிள் எடுத்துட்டார். கொஞ்சம் காலைச் சாய்ச்சு ஏறுவார். தினம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "பின்னால எரியுதா பாருடா"ன்னு ஒரு குரல் குடுப்பார். எரியுதுன்னு சொன்ன பிறகுதான் மிதிப்பார்.