பழைய கணிப்பொறியும் புதிய இயங்குதளமும்

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு முடிவுற்றது. டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியற்ற பழைய கணிப்பொறிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. கருவேப்பிலங்குறிச்சி போன்ற சிற்றூர்களில், பழுதின்றி உழைக்கும் பொறியைப் பரணில் ஏற்றுவது நமக்கு உடன்பாடன்று. ஆர்வத்தின் உந்துதலால் லினக்சை நிறுவினோம்.

பழகிய மென்பொருள்கள் சில அதில் இல்லை. அச்சுப்பொறியை இணங்கவைக்கவே இரண்டு மாலைகள் கழிந்தன. ஆயினும், 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. வலமிருந்து செல்லும் அரபும் இடமிருந்து செல்லும் தமிழும் ஒரே வரியில் பிறழாது அமைகின்றன. அரபுத்தமிழ் ஏடுகளை எழுத்துப்பெயர்க்க விழையும் பெரியோர்க்கு இது பெருந்துணை.

பட்டியல்களின் தமிழாக்கம்தான் உறுத்துகிறது. ஒரே கட்டளைக்கு இடத்திற்கொரு பெயர்! மூலநிரல் திறந்திருப்பதால் எவரும் திருத்தம் அனுப்பலாம். கலைச்சொல்லாக்கம் பயிலும் நம் தமிழ்த்துறை மாணவர்க்கு இதனையே பயிற்சியாக அளித்தால் என்ன?