பூட்டிய கதவு மருந்தாகாது

போதைக்கு அடிமையானவரை மூன்று மாதம் பூட்டிவைத்தால் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கை இந்தியா முழுவதும் வேரூன்றியிருக்கிறது. குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகின்றன. வெளியே வந்தவர் சில வாரங்களில் மீண்டும் போதையை நாடினால், மனவுறுதி இல்லாதவர் என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. பூட்டியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்தத் தீர்ப்புக்கு எதிரான சான்றுகளை நடத்தை நரம்பியல் முப்பது ஆண்டுகளாக அடுக்கி வந்திருக்கிறது.

யவின் ஷஹாமின் ஆய்வுகளை எடுத்துக்கொள்ளலாம். 1995இல் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டூவர்ட்டுடன் இணைந்து அவர் ஒரு சோதனையை வெளியிட்டார். நெம்புகோலை அழுத்தி ஹெராயின் பெறப் பழகிய எலிகளுக்கு மருந்து நிறுத்தப்பட்டது. அழுத்திப் பயனில்லை என்று கண்டு அவை அழுத்துவதையே விட்டுவிட்டன. பின்னர் பாதத்தில் சில நிமிடங்கள் விட்டுவிட்டு இலேசான மின்னதிர்ச்சி தரப்பட்டது. உடலில் ஹெராயின் இல்லாத நிலையிலும் அவை நெம்புகோலுக்குத் திரும்பின. திரும்பச் செய்தது அழுத்தம். அதன் வழித்தடத்தில் நார்அட்ரினலினுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும், அதன் சுரப்பைத் தணிக்கும் க்ளோனிடின் இந்த மீள்நாட்டத்தைத் தடுக்கிறது என்பதையும் அடுத்தடுத்த சோதனைகள் காட்டின.

ஷஹாம் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கிருந்து 2001இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. கோகைனை நிறுத்திய மறுநாளைவிட 60ஆம் நாளில் எலிகளின் நாட்டம் கூடியிருந்தது. நாட்கள் செல்லச் செல்ல ஏக்கம் தணியும் என்ற பொதுப்புத்திக்கு இது நேர் எதிர். முட்டையைப் போல ஏக்கமும் அடைகாக்கப்படுகிறது. வாயிற்கதவு திறக்கும் நாள் ஏக்கம் முதிர்ந்த நாளாகவும் இருக்கக்கூடும். ஓபியாய்டு பயன்படுத்தியவருக்கு அதற்குள் உடலின் தாங்குதிறனும் குறைந்துவிடுகிறது. பழைய அளவே அவர் உயிரைப் பறிக்கப் போதும்.

2018இல் மார்கோ வெனிரோவும் ஷஹாமும் எலிகளுக்கு ஒரு தேர்வை வைத்தனர்: ஒரு நெம்புகோலுக்குப் போதைமருந்து, மற்றொன்றுக்கு இன்னொரு எலியின் துணை. போதைக்கு ஆழமாக அடிமைப்பட்ட எலிகளும்கூட ஏறத்தாழ எப்போதும் துணையையே தேர்ந்தன. துணை தாமதமாகக் கிடைத்தபோதும், துணையை நாடியதற்குத் தண்டனை தரப்பட்டபோதும்தான் அத்தேர்வு குறைந்தது. துணையைத் தேர்ந்து தாமாகவே மெத்தாம்ஃபெட்டமினை விலக்கிய எலிகளிடம் ஏக்கம் அடைகாக்கப்படவில்லை.

எலி வேறு, மனிதர் வேறு என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான், எலிக்குக் கடன் இல்லை, சாதி இல்லை, வேலையிழப்பு இல்லை. ஆனால் இந்த வேறுபாடுகள் எல்லாமே மனிதர் மீதான அழுத்தத்தைக் கூட்டுபவை. மேலும், புப்ரெனார்ஃபின் சிகிச்சையில் இருந்தவர்களிடம் க்ளோனிடினைச் சோதித்த 2015ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வில், தொடர்ச்சியாக விலகியிருந்த காலம் நீண்டது. எலிக்கூண்டில் கண்ட தடயம் மனிதரிடம் பொய்க்கவில்லை.

இனி இந்திய நடைமுறையைப் பார்க்கலாம். சேர்ந்த நாளிலேயே கைபேசி பறிக்கப்படுகிறது. வீட்டார் வருகை நிறுத்தப்படுகிறது. அடியும் அவமானமும் ‘ஒழுங்கு’ என்ற பெயரில் நடக்கின்றன. எல்லா மையங்களும் இப்படியல்ல. ஆனால் இப்படிப்பட்டவை எங்குமே இல்லை என்று சொல்லும் துணிவு எவருக்கும் வராது. மீள்நாட்டத்தைத் தூண்ட ஆய்வகம் கையாளும் கருவியான அழுத்தமே இங்கே சிகிச்சையாக விற்கப்படுகிறது. மீட்கவல்ல உறவோ தண்டனையாகத் துண்டிக்கப்படுகிறது.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் அடங்கும். சங்கிலியிடுவதையும் தனிமைச் சிறையையும் அச்சட்டம் தடை செய்கிறது. தொலைபேசியில் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் உரிமை தருகிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் ஏறத்தாழ 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அந்த ஒருவரும் பூட்டிய அறைக்குள் தள்ளப்பட்டால், அந்தச் சிகிச்சைக்கு என்ன பொருள்?

கல்விப்புலமும் இதில் குற்றமற்றதல்ல. வகுப்பறைகளில் டோபமைன் படம் வரைந்து, ‘மூளை நோய்’ என்ற இரு சொற்களோடு பாடம் முடிகிறது. நோய் மூளைக்குள் மட்டும் இருப்பதாக மாணவர் எழுதி மதிப்பெண் பெறுகிறார். அந்த மூளை எந்த அறையில் அடைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி தேர்வுத்தாளில் வருவதில்லை. ஆய்வகத்தில் ஓர் எலிக்கு மின்னதிர்ச்சி தருவதற்கு முன் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். பூட்டிய அறையில் ஒரு மனிதரை அடிப்பதற்கு முன் எவரிடமும் அனுமதி கேட்கப்படுவதில்லை.

உளவியல், நரம்பியல், சமூகப்பணித் துறைகள் செய்யக்கூடியவை தெளிவாகவே உள்ளன. தத்தம் மாவட்டத்து மையங்களைச் சட்டத்தின் அளவுகோலால் மதிப்பிட்டு அறிக்கை வெளியிடலாம். புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளைப் ‘போதைக்கு மாற்றுப் போதை’ என்று இழிவுபடுத்தும் பேச்சை வகுப்பறையிலிருந்தாவது அகற்றலாம். வெளியே வரும் முதல் மாதங்களில் வேலை, உறவு, தொடர்மருத்துவம் மூன்றும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடலாம். ஆய்வேடுகளை மேற்கோள் காட்டிப் பட்டம் பெறுபவர்கள், அந்த ஆய்வேடுகள் சொல்வதைப் பூட்டிய கதவின் முன் நின்றும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.